இருமல் விளையாட்டு: 2020 ஏப்ரல், எங்க பக்கத்துக் குறிப்புகள்

கொரோனா காலத்துச் செய்திகளைத் தேதி வாரியாக ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறேன். பெரிய ஆராய்ச்சி எல்லாம் இல்லை. எத்தனை பேருக்குத் தொற்று, எத்தனை பேர் இறந்தார்கள் என்பதெல்லாம் அரசுக் கணக்கில் இருக்கு. நாம எப்படிப் பயந்தோம், அந்தப் பயத்தை வைத்து எப்படி விளையாடினோம் என்பது அந்தக் கணக்கில் வராது. இந்தப் பதிவு அதைப் பற்றி.

விளையாட்டு ஆரம்பித்தது போனில். 2020 மார்ச்சில் யாருக்கு போன் போட்டாலும் முதலில் ஒரு இருமல் சத்தம் கேட்கும், அப்புறம்தான் கொரோனா அறிவிப்பு வரும். ஞாபகம் இருக்கா? திண்டிவனத்தில் எங்க தெருப் பசங்க அந்த இருமலை அப்படியே இருமிக் காட்டுவாங்க. முதல் வாரம் எல்லாரும் சிரிச்சோம். மார்ச் 25 ஊரடங்குக்குப் பிறகு அதே இருமல் ரேஷன் கடை வரிசையைக் கலைத்தது. பசங்களுக்கு அதனால ஒன்றும் ஆகவில்லை. அவங்க யார் பிள்ளைகள் என்று தெருவுக்கே தெரியும். ஆனால் தெருக்கோடியில் வருஷக்கணக்கா வீசிங் இருக்கிற ஒரு பெரியவர் கடைக்கு வருவதையே நிறுத்திவிட்டார்.

இந்த ஆபத்து மற்ற நாடுகளுக்கும் புரிந்திருந்தது. ஏப்ரல் 1 முட்டாள்கள் தினத்தில் கொரோனாவை வைத்து ஏமாற்றினால் சிறை என்று தைவானும் தாய்லாந்தும் எச்சரித்தன. வருஷா வருஷம் விளையாட்டுக் காட்டும் கூகுள் அந்த ஆண்டு அதை நிறுத்திக்கொண்டது.

இனி விழுப்புரம். ஏப்ரல் 7 அன்று விழுப்புரம் அரசு மருத்துவமனையிலிருந்து தொற்று இல்லை என்று சிலரை அனுப்பிவிட்டார்கள். பிறகுதான் அவர்களில் நான்கு பேருக்குத் தொற்று இருப்பது தெரிந்தது. மூவர் திரும்ப அழைத்து வரப்பட்டார்கள். நான்காவது ஆள் டெல்லிக்காரர், அவரைக் காணோம். போலீஸ் தனிப்படைகள் அமைத்துத் தேடியது. அவர் படம் ஊரெல்லாம் சுற்றியது. செய்திகளில் அவர் 'மாயமானவர்', சில இடங்களில் 'தப்பி ஓடியவர்'. தப்பு மருத்துவமனைக் கணக்கில். ஓடிய பழி, போகச் சொன்னதும் போன மனிதர் மேல்.

ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 14 அன்று, செங்கல்பட்டுப் பக்கம் படாளத்தில் லாரி டிரைவர்களோடு தங்கியிருந்தபோது கிடைத்தார். விழுப்புரத்திலிருந்து நெடுஞ்சாலையில் திண்டிவனம், மதுராந்தகம் தாண்டி வரும் ஊர். பஸ் இல்லை, ரயில் இல்லை, தமிழ் பேசும் ஊரில் வடக்கத்தி ஆள். சாலையோரம் லாரிக்காரர்களை விட்டால் அவருக்கு வேறு யார் இருந்திருப்பாங்க? இந்தக் கேள்வியை அந்த வாரம் நாங்க யாரும் கேட்கவில்லை. கிராமங்களில் முள்ளை வெட்டிப் போட்டு வழியை அடைத்துக்கொண்டிருந்தோம்.

அந்த ஊரடங்கு நாட்களில் போலீஸும் விளையாடியது. வைரஸ் வடிவத்தில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு சென்னையில் ஒரு இன்ஸ்பெக்டர் வாகன ஓட்டிகளை மறித்தார். உலகப் பத்திரிகைகளில் எல்லாம் அந்தப் படம் வந்தது. திருப்பூர் மாவட்டப் போலீஸ் ஒரு படி மேலே போனது. மாஸ்க் போடாமல் வண்டியில் வந்த இளைஞர்களைப் பிடித்து ஆம்புலன்ஸில் ஏற்றுகிறார்கள். உள்ளே நோயாளி மாதிரி ஒருத்தர் படுத்திருக்கிறார். பையன்கள் அலறி ஜன்னல் வழியா வெளியே குதிக்கப் பார்க்கிறார்கள். விழிப்புணர்வுக்காக எடுத்த வீடியோ. நானும் பார்த்துச் சிரிச்சேன், நாலு பேருக்கு அனுப்பினேன்.

இப்போது நோட்டில் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் சிரிப்பு நிற்கிறது. அந்த வீடியோ பரவிய அதே வாரத்தின் தொடக்கத்தில், ஏப்ரல் 19 அன்று, சென்னை நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலஸ் கொரோனாவில் இறந்தார். கீழ்ப்பாக்கத்தில் அடக்கம் செய்ய எதிர்ப்பு. அண்ணா நகர் வேலங்காட்டு மயானத்துக்குக் கொண்டுபோனால் கல்லும் கட்டையுமா ஒரு கூட்டம் ஆம்புலன்ஸைத் தாக்கியது. கடைசியில் அவருடைய சக மருத்துவர் பிரதீப்குமார் நள்ளிரவில் திரும்பி வந்து, மருத்துவமனை ஊழியர்கள் இரண்டு பேரோடு மண்ணைத் தள்ளிக் குழியை மூடினார். அதற்குப் பிறகுதான், அடக்கத்தைத் தடுத்தால் மூன்றாண்டு வரை சிறை என்று தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது.

ஒரே வாரம், இரண்டு ஆம்புலன்ஸ். ஒன்றுக்குச் சிரிப்பு, இன்னொன்றுக்குக் கல். வீடியோவால் கல் விழுந்தது என்று சொல்லவில்லை. கல் விழுந்தது முதலில். நான் சொல்றது வேறு. கொரோனா வந்த மனுஷன் என்றால் பேய், ஜன்னல் வழியாக் குதித்தாவது தப்பிக்கணும் என்ற எண்ணம் ரெண்டுக்கும் பொது.

நல்ல எண்ணத்தோடு எடுத்த நாடகம் எங்கே போய் முடியும் என்று நமக்கு இரண்டு வருஷம் முன்னாடியே தெரிந்திருக்கணும். பாகிஸ்தானின் கராச்சியில் ரோஷ்னி ஹெல்ப்லைன் என்ற தொண்டு நிறுவனம் குழந்தைப் பாதுகாப்புக்காக 2016-இல் ஒரு வீடியோ எடுத்தது. பைக்கில் வரும் ரெண்டு பேர் ஒரு குழந்தையைத் தூக்கிப் போவார்கள்; பிறகு திருப்பிக் கொண்டுவந்து விட்டு, ஜாக்கிரதை என்று ஒரு அட்டையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். மிச்சம் வாட்ஸ்அப்பில் இந்தியா முழுக்கச் சுற்றியது, 'பிள்ளை பிடிக்கிறவங்க வந்துட்டாங்க' என்று.

2018 மே 9 அன்று, நமக்குப் பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலையில், போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குச் சென்னையிலிருந்து காரில் வந்த ஒரு குடும்பம் வழி கேட்டது. குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். 65 வயது மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். அதே வாரம் பழவேற்காட்டில் இன்னொருவர். அந்த ஜூலையில்தான் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் மாற்றப்பட்டது.

இதையெல்லாம் 'ஜனங்க ஓவரா ரியாக்ட் பண்ணிட்டாங்க' என்று முடித்துவிடலாம். ஆனால் பயத்தில் எல்லாரும் எல்லார் மேலேயும் பாயவில்லை என்பதைக் கவனியுங்க. இருமிக் காட்டிய தெருப் பையன் மேல் யாரும் கை வைக்கவில்லை. வழி கேட்ட மூதாட்டி, டெல்லிக்காரர், பதில் சொல்ல முடியாத ஒரு சவம், அடிபட்டது இவங்கதான். மே மாதம் இது சொந்தப் பிள்ளைகள் வரைக்கும் வந்தது. கோயம்பேடு மார்க்கெட்டில் மூட்டை தூக்கப் போனவர்கள் விழுப்புரம், கடலூர்க் கிராமங்களுக்குத் திரும்பியபோது, பிறந்த ஊரே அவர்களை வெளியாளாகப் பார்த்தது.

பயம் வருவதைத் தடுக்க முடியாது, அடுத்த தடவையும் வரும். அப்போது வேடிக்கை வீடியோ ஒன்று கையில் கிடைத்தால், இதை நிஜமென்று நம்பினால் யார் மேல் கல் விழும் என்று ஒரு நிமிஷம் யோசிச்சால் போதும்.

கோயம்பேட்டிலிருந்து திரும்பியவர்கள் உங்க ஊரில் இருந்தால் அவங்க கதையைக் கேட்டு எழுதி வையுங்க. என் நோட்டில் அந்தப் பக்கம் இன்னும் காலியாத்தான் இருக்கு.