மாணவர் மேடையும் வாரியத்தார் கடமையும்



விடுதலை மாதத்திலும் ஒருமைப்பாட்டு நிகழ்ச்சிகளிலும் நம் மாணவர்கள் இனம், பண்பாடு, நல்லிணக்கம் குறித்து மேடையேறிப் பேசுகின்றனர், நாடகம் நடிக்கின்றனர். முன்வரிசையில் பள்ளி மேலாளர் வாரியத்தினர் அமர்ந்திருக்கின்றனர். அங்கே அவர்கள் எவ்வாறு நடந்துகொள்ளுதல் முறை? வரலாற்றின் துணைகொண்டு இதனைச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

ஒரு காலத்தில் தோட்டப் பள்ளிகள் நம் கையில் இருக்கவில்லை. 7 முதல் 14 வயதுவரையுள்ள பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி அமைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வகை செய்தது. ஆயினும் பள்ளியின் வாழ்வும் தாழ்வும் நிருவாகத்தின் விருப்பத்தையே சார்ந்திருந்தன. கங்காணியும் கிராணியும்கூடப் பாடம் நடத்திய காலம் அது. இன்றோ, 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்கீழ் இயங்கும் வாரியங்களில் நம்மவரே அமர்ந்துள்ளனர். அன்று கிட்டாத உரிமை இன்று கிட்டியுள்ளது. அதற்கேற்ற பொறுப்பும் உடன் வந்துள்ளது.

1969 மே 13 கலவரத்தின் காயம் ஆறுவதற்காக 1970 ஆகஸ்டு 31ஆம் நாள் ருக்குன் நெகாரா அறிவிக்கப்பட்டது. அதன் ஐந்தாம் கோட்பாடு நன்னடத்தையையும் ஒழுக்கத்தையும் வலியுறுத்துகிறது. நம் பிள்ளைகள் சபைகூடலில் அதனை உரக்கச் சொல்கின்றனர். அதே மேடையில் ஒரு பெரியவர் பிற இனத்தாரை எள்ளி நகையாடினால், பிள்ளைகள் எதனைக் கற்பர்? கோட்பாட்டையா, எள்ளலையா?

நமக்கு வழிகாட்டி நம் பேராக்கிலேயே இருக்கிறார். 1954ஆம் ஆண்டு சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலை தோன்ற முன்னின்றவர் துன் வீ. தி. சம்பந்தன். அவரே 1972ஆம் ஆண்டில் தேசிய ஒருமைப்பாட்டு அமைச்சராகவும் பொறுப்பேற்றார். தமிழ்ப்பள்ளிப் பற்றும் பிற இனத்தாரோடு இணக்கமும் ஒரே நெஞ்சில் வாழ முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

1986ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஒருமைப்பாட்டிற்கான மாணவர் ஒருங்கிணைப்புத் திட்டம் தேசிய, சீன, தமிழ்ப்பள்ளி மாணவரை ஓரிடத்தில் கூட்டியது. ஈயச் சுரங்கங்களால் வளர்ந்து, சீனர் மிகுதியாக வாழும் காம்பார் போன்ற ஊர்களுக்கு இத்தகைய கூடல் இன்றியமையாதது. அங்கே நம் வாரியத்தாரின் ஒரு சொல் பல பள்ளிகளின் செவிகளில் விழும்.

அப்படியாயின், இழிவுபடுத்தப்பட்டாலும் வாய்மூடி இருப்பதா? அன்று. 'இன்டர்லோக்' நாவல் ஐந்தாம் படிவப் பாடநூலானபோது, அதிலிருந்த சாதி இழிசொல் கண்டு நம் சமூகம் கொதித்தெழுந்தது. அமைச்சிடம் முறையிட்டோம், 2011 சனவரியில் குழு அமைக்கப்பட்டது, அவ்வாண்டு திசம்பரில் நூல் மீட்டுக்கொள்ளப்பட்டது. பெரியவர்களின் போராட்டம் பெரியவர்களின் களத்தில் நடந்து வென்றது. அவையறிதல் என்று வள்ளுவர் தனி அதிகாரமே வகுத்தது இதற்காகத்தான்.

ஆகவே வாரியத்தார் சில நெறிகளைக் கடைப்பிடித்தல் நலம். நிகழ்ச்சி முடியும்வரை அமர்ந்து கேட்க வேண்டும். உரை சுருக்கமாக இருக்க வேண்டும். அதில் கட்சி அரசியல் கலத்தலாகாது. நம் இனத்தைப் போற்றுவதற்காகப் பிற இனத்தைத் தாழ்த்தலாகாது. பிற பள்ளி விருந்தினரை முதலில் வரவேற்று, இயன்றால் அவர்தம் மொழியில் ஒரு சொல்லேனும் பேச வேண்டும்.

எல்லாவற்றிற்கும் மேலாக, ஒரு பிள்ளை தன் நிறத்தைச் சொல்லிப் பிறர் கேலி செய்ததை மேடையில் சொன்னால், "இதெல்லாம் சின்ன விசயம்" என்று தள்ளிவிடலாகாது. அதனை எடுத்துக்கொண்டு அவையைக் கொதிப்பேற்றவும் கூடாது. பொறுமையுடன் கேட்டு, நிகழ்ச்சிக்குப் பின் தலைமையாசிரியரோடும் பெற்றோரோடும் அமர்ந்து பேசித் தீர்வு காண வேண்டும். தன் துயரைச் சொன்ன பிள்ளை, சொன்னதற்காக ஒருநாளும் வருந்தக் கூடாது.

பெற்றோர்களே, வாரியத்திற்கு ஆள் தேரும்போது நன்கொடையை மட்டும் பாராமல் நாவடக்கத்தையும் பாருங்கள்.