பேஸ்மேக்கர் இருந்தும் அப்பாவுக்கு ஏன் மூச்சு வாங்குது?

"அப்பாவுக்கு பேஸ்மேக்கர் வெச்சு நாலு வருஷம் ஆச்சு டாக்டர். இப்ப நடந்தா மூச்சு வாங்குது, சாயங்காலமானா கால் வீங்குது. பேட்டரி வீக் ஆயிடுச்சோ?"

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமிருந்து ஓபிக்கு வர்ற பிள்ளைங்க அடிக்கடி கேட்கிறது இது. பெரும்பாலும் பேட்டரி நல்லாத்தான் இருக்கும். அப்புறம் என்னன்னு புரியணும்னா 100 வருஷத்துக்கு மேல பின்னாடி போகணும். நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

இதயத்துல கரண்ட் போறது ஒரு வேலை, பம்ப் அடிக்கிறது இன்னொரு வேலை. பேஸ்மேக்கர் முதல் வேலைக்கு மட்டும்தான். கிணத்து மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் மாத்தினா பம்ப் புதுசாகிடாது இல்லையா?

அந்தக் கரண்ட் போற பாதையை முழுசா வரைஞ்சு காட்டினவர் சுனாவோ தவாரா. ஜப்பானிய டாக்டர், ஜெர்மனியில மார்பர்க் நகரத்துல ஆராய்ச்சி பண்ணவர். 1906-ல் அவர் புத்தகம் வந்தது. 1893-ல் வில்ஹெல்ம் ஹிஸ் கண்ட ஒரு நரம்பு மாதிரியான கட்டு, அது இடது வலதுன்னு பிரிஞ்சு, கடைசியில பர்க்கின்ஜி 1839-லயே பார்த்த மெல்லிய இழைகள்ல போய் முடியுது. எல்லாம் ஒரே சாலைன்னு சொன்னவர் தவாரா. இந்தச் சாலை இருக்கிறதாலதான் கீழறைகளோட எல்லா மூலைக்கும் கிட்டத்தட்ட ஒரே நேரத்துல சேதி போகுது, இதயம் ஒண்ணா சேர்ந்து பிழியுது.

1925-ல் அமெரிக்காவில் கார்ல் விக்கர்ஸ் நாய்களோட இதயத்துல ஒண்ணு பார்த்தார். சாலையை விட்டுட்டு நேரா தசையில கரண்ட் கொடுத்தா இதயம் துடிக்குது, ஆனா பிழியுற பலம் குறையுது. மனுஷனுக்குள்ள வைக்கிற பேஸ்மேக்கரே அப்ப கிடையாது. அதனால இது ஆராய்ச்சிக் கூடத்து விஷயமாவே இருந்தது.

1958 அக்டோபர் 8, ஸ்டாக்ஹோம், கரோலின்ஸ்கா மருத்துவமனை. ஆர்னே லார்சனுக்கு 43 வயசு. இதயத் துடிப்பு நின்னு நின்னு ஒரு நாளைக்குப் பல தடவை மயங்கி விழுறார். அவர் மனைவி எல்ஸ்-மரி விடாம நச்சரிச்சதாலதான் சர்ஜன் ஓகே சென்னிங்கும் இன்ஜினியர் ரூனே எல்ம்க்விஸ்ட்டும் சம்மதிச்சாங்க. ஷூ பாலிஷ் டப்பாவை அச்சா வெச்சு வார்த்த கருவி அது. சில மணி நேரத்துல பழுதாச்சு, மாத்தி வெச்சாங்க. லார்சன் வாழ்நாள்ல 26 பேஸ்மேக்கர் பார்த்தார். தனக்கு வெச்சுவிட்ட ரெண்டு பேரும் இறந்த பிறகும் இருந்து, 2001-ல் 86 வயசுல இறந்தார். எனக்கு ரொம்பப் பிடிச்ச மருத்துவக் கதை இது.

அன்னிக்கு கேள்வி ஒண்ணுதான்: இதயம் துடிக்குமா, நிக்குமா? அதனால பின்னாடி ரத்தக்குழாய் வழியா ஒயர் விட ஆரம்பிச்சப்போ, அது நகராம உட்கார்ற இடமா பார்த்து, வலது கீழறையோட அடிமுனையில வெச்சாங்க. உயிர் காத்த முடிவு. ஆனா அந்த இடம் தவாராவோட சாலையில இல்ல. நாலுவழிச் சாலையை விட்டுட்டு வரப்பு மேல பஸ் ஓட்டுற மாதிரி கரண்ட் தசை தசையா ஊர்ந்து போகுது. வலது பக்கம் முதல்ல சுருங்கும், இடது பக்கம் லேட்டா வரும். ஈர வேட்டியை ரெண்டு பேர் பிழியும்போது ஒருத்தர் லேட்டா முறுக்கினா எப்படி இருக்கும்? அப்படித்தான்.

நிறைய பேருக்கு இதால ஒண்ணும் ஆகாது, 20 வருஷம்கூட நல்லா இருப்பாங்க. தோராயமா பத்துல ஒண்ணு ரெண்டு பேருக்கு, வருஷங்கள் போகப்போக இடது கீழறை தளர்ந்துடும். மூச்சு வாங்கும், கால் வீங்கும்.

இது கண்ணுல அடிச்ச மாதிரி தெரிஞ்சது 2002-ல், டேவிட்ங்கிற அமெரிக்க ஆய்வுல. ஏற்கெனவே இதயம் பலவீனமான, ஷாக் கொடுக்கிற கருவி வெச்ச 506 பேர். ஒரு பாதிக்கு கருவி அதிகமா துடிக்க வைக்கும், இன்னொரு பாதிக்கு அவசரத்துக்கு மட்டும். அதிகம் துடிக்க வெச்சா நல்லதுன்னு எதிர்பார்த்தாங்க. நடந்தது தலைகீழ். ஒரு வருஷத்துல சாவும் ஹார்ட் ஃபெயிலியர் அட்மிஷனும் இல்லாம இருந்தவங்க அவசரத்துக்கு மட்டும் வெச்ச குழுவுல 100-க்கு 84, மத்த குழுவுல 73. விக்கர்ஸ் சொல்லி 77 வருஷம் ஆகியிருந்தது!

தீர்வுகள் ஏற்கெனவே தொடங்கியிருந்தது. 1994-ல் பிரான்ஸ்ல செர்ஜ் காசோ குழு ரெண்டு பக்கமும் ஒயர் வெச்சு இதயத்தைச் சேர்ந்து துடிக்க வெச்சாங்க. இன்னிக்கு அதைத்தான் சிஆர்டிங்கிறோம். 2000-ல் ஹிஸ் கட்டுலயே ஒயர் வைக்கிற முறை வந்தது. 2017-ல் சீனாவின் வென்ஜோ நகரத்து ஹுவாங் குழு, நடுச்சுவரைத் துளைச்சு இடது கிளைக்கே ஒயரைக் கொண்டுபோனதை வெளியிட்டாங்க. பழைய சாலைக்குத் திரும்ப 111 வருஷம்.

இதுல மதுரைக்கும் பங்கு இருக்கு. வேலம்மாள் மருத்துவக் கல்லூரியிலிருந்து ஷண்முகசுந்தரம் பொன்னுசாமி, அமெரிக்காவில் இருக்கிற புகழேந்தி விஜயராமன் போன்றவங்களோட சேர்ந்து, 2020 முதல் இந்த இடது கிளை முறை பத்தி சர்வதேச இதழ்கள்ல எழுதியிருக்கார். விளம்பரம் இல்லைங்க, நான் வேலை பார்க்கிறது அரசு ஆஸ்பத்திரியில. நம்ம ஊர் பேரை அங்க பார்க்கிறப்போ ஒரு சந்தோஷம், அவ்வளவுதான்.

இதைப் படிச்சுட்டு "பேஸ்மேக்கரை எடுத்துடலாமா"ன்னு கேட்காதீங்க. அது இல்லாம பலர் உயிரோட இருக்க முடியாது. எல்லா மூச்சு வாங்கலுக்கும் ஒயர் காரணமும் இல்ல. ரத்தக்குழாய் அடைப்பு, பிபி, கிட்னி, தாறுமாறான துடிப்பு, கருவாடு, ஊறுகாய், அப்பளம்னு ஏறுற உப்பு எல்லாம் காரணம். பஸ்ல போகும்போது அவசரமா யூரின் வந்துடும்னு நீர் மாத்திரையை நிறுத்துறவங்க ரொம்ப ஜாஸ்தி.

நீங்க கேட்க வேண்டியது ரெண்டு நம்பர். பேஸ்மேக்கர் செக் பண்ணும்போது, கீழறையை எத்தனை சதவீதம் கருவி துடிக்க வைக்குது? எக்கோவுல பம்ப் அளவு, அதாவது இ.எஃப்., பேஸ்மேக்கர் வைக்கும்போது எவ்வளவு, இப்ப எவ்வளவு? முதல் நம்பர் அதிகமா இருந்து, ரெண்டாவது நல்லா இறங்கியிருந்தா, மாத்திரையோட சேர்த்து சிஆர்டியோ இடது கிளை ஒயரோ தேவையான்னு இதய டாக்டர்கிட்ட பேசலாம். சரியான ஆளுக்கு மாத்தினா பம்ப் திரும்பத் தேறுறதும் உண்டு.

படுத்தா மூச்சு முட்டி எழுந்து உட்கார்றாங்க, மூணு நாள்ல ரெண்டு கிலோ எடை ஏறிடுச்சு, மயக்கம் வந்துச்சுன்னா அடுத்த ஓபி நாளுக்குக் காத்திருக்காதீங்க, அன்னிக்கே கிளம்புங்க. உட்கார்ந்தே மூச்சு விட முடியலைன்னா 108. வரும்போது பேஸ்மேக்கர் கார்டு, பழைய எக்கோ ரிப்போர்ட், இப்ப சாப்பிடுற மாத்திரை அட்டை எல்லாத்தையும் ஒரு மஞ்சப்பையில போட்டு எடுத்துட்டு வாங்க.