நெடுந்தீவும் நட்டஈடும்

நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் இட்ட பெயர் டெல்ஃப்ட். அதே பெயர்கொண்ட ஒல்லாந்து நகரிலேதான் 1583இல் சட்டமேதை ஹியூகோ குரோசியஸ் பிறந்தார். மனித உயிருக்கு விலை மதிப்பிட இயலாது. ஆயினும் தவறாக உயிர்பறித்தவர், இறந்தவரின் உழைப்பில் வாழ்ந்த மனைவி மக்களுக்கு ஈடுசெய்ய வேண்டும் என்பது அவர் எடுத்துரைத்த நெறி.

சொத்துரிமையில் தேசவழமையைப் பின்பற்றும் தீவக மக்களுக்கும், வீதி விபத்து மரணத்தில் நட்டஈடு கோர அடிப்படை அந்த உரோம-டச்சுச் சட்டமே. இவ்வுரிமை இறந்தவர்வழி வந்த முதுசமன்று. தங்கியிருந்தோரின் சொந்த இழப்புக்கான சொந்த உரிமை.

வழக்காளியிடமும் கவனயீனம் காணப்பட்டால் கோரிக்கையே வீழும் என்ற விதி, 1809ஆம் ஆண்டின் ஆங்கிலத் தீர்ப்பொன்றில் வேர்கொண்டது. இங்கிலாந்து அதனை 1945இல் கைவிட்டது. இலங்கை 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தால் கைவிட்டது. தவறின் பங்குக்கேற்ப ஈடு குறையலாம், அடியோடு மறுக்கப்படாது.

ஆகவே, "அவரிலும் பிழைதானே" என்ற ஒரு சொல்லுக்கு அஞ்சித் தீவகத்தின் எந்தக் கைம்பெண்ணும் வழக்கைக் கைவிட வேண்டியதில்லை.