வெளிநாட்டுப் பயணத்தில் உணவுப் பொருள்கள்: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

கொடைக்கானல், பழனி வட்டாரங்களிலிருந்து வெளிநாட்டில் வாழும் பிள்ளைகளைக் காணச் செல்வோர் மலைப்பூண்டு, மலைவாழைப்பழம், பஞ்சாமிர்தம், நெய், தேன் ஆகியவற்றை உடன் எடுத்துச் செல்வது வழக்கம். கொடைக்கானல் மலைப்பூண்டும் பழனி பஞ்சாமிர்தமும் 2019-இல் புவிசார் குறியீடு பெற்றவை. ஆயினும், அக்குறியீடு பொருளின் பிறப்பிடத்துக்கு மட்டுமே சான்றாகும்; பிற நாட்டினுள் கொண்டு செல்வதற்கான அனுமதி ஆகாது.

கட்டுப்பாடுகள் ஏன்?

உணவுடன் பயிர் நோய்களும் கால்நடை நோய்களும் எல்லை கடக்கக்கூடும். கீழ்ப்பழனி மலையின் விருப்பாச்சி வாழைத் தோட்டங்களைப் பெருமளவில் அழித்த முடிக்கொத்து நோய், நோயுற்ற கன்றுகளாலும் அசுவினிப் பூச்சியாலும் பரவுவதாகும். பால், இறைச்சிப் பொருள்களைப் பல நாடுகள் தடுப்பதற்குக் கோமாரி நோய் குறித்த அச்சம் முக்கியக் காரணமாகும்.

சில நாடுகளின் விதிகள்

- ஆஸ்திரேலியா: உணவுப் பொருள் அனைத்தையும் வருகை அட்டையில் அறிவித்தல் கட்டாயம்.
- அமெரிக்கா: வேளாண் பொருள்களை அறிவிக்கத் தவறினால் 10,000 டாலர் வரை அபராதம் விதிக்கப்படலாம். அறிவிக்கப்பட்ட பொருள் அனுமதிக்கப்படாவிடில், அதனை ஒப்படைத்துவிட்டு அபராதமின்றிச் செல்லலாம்.
- ஐரோப்பிய ஒன்றியம்: இந்தியப் பயணிகள் பால், இறைச்சிப் பொருள்களைக் கொண்டு செல்ல இயலாது. நெய் சேர்ந்த இனிப்புகளுக்கும் இவ்விதி பொருந்தக்கூடும். குழந்தைப் பால்மாவு, மருத்துவக் காரணத்துக்கான சிறப்புணவு ஆகியவை 2 கிலோ வரை அனுமதிக்கப்படுகின்றன. அவை நிறுவன முத்திரையுடன், பிரிக்கப்படாத உறையில், குளிரூட்டத் தேவையில்லாதவையாக இருத்தல் வேண்டும்.
- சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம்: கசகசா தடை செய்யப்பட்ட பொருள். மசாலாப் பொடிகளிலும் அது கலந்திருக்கலாம்.

விதிகள் மாறக்கூடியவை. பயணத்துக்கு முன் அந்நாட்டின் அரசு இணையதளத்தைப் பார்க்கவும்.

மருத்துவரின் கடிதம் போதுமா?

போதாது. கடிதம் உணவின் தேவையை விளக்கும், தடையை நீக்காது. வீட்டில் தயாரித்த பத்திய உணவும் தடுக்கப்படலாம். எனவே, உடல்நலத்துக்கு இன்றியமையாத உணவை, அது சுங்கச் சோதனையில் தடுக்கப்படின் மாற்று என்ன என்பதை முடிவு செய்த பின்னரே எடுத்துச் செல்லவும்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

- நீரிழிவு நோயாளிகள்: இன்சுலினும் குளுக்கோஸ் மாத்திரைகளும் கைப்பையில் இருக்கட்டும். இரத்தச் சர்க்கரை குறையும்போது உதவும் என்று பழத்தை மட்டும் நம்ப வேண்டாம்; அது பறிமுதல் செய்யப்படலாம்.
- சிறுநீரக நோயாளிகள்: வாழைப்பழத்தில் பொட்டாசியம் மிகுதி. உண்ணும் அளவை மருத்துவரிடம் கேட்டறியவும்.
- வார்ஃபரின் போன்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்து உட்கொள்வோர்: பூண்டை மருந்தாகக் கருதி மிகுதியாக உண்பது இரத்தக்கசிவு வாய்ப்பைக் கூட்டக்கூடும்.
- ஒரு வயது நிரம்பாத குழந்தைகள்: தேன் கொடுக்கக் கூடாது. பஞ்சாமிர்தத்திலும் தேன் சேர்க்கப்படுவதால் அதனையும் தவிர்க்கவும்.

புறப்படும் முன்

1. உணவின் பெயரும் உட்பொருள்களும் அச்சிடப்பட்ட, முத்திரை பிரிக்கப்படாத பொட்டலங்களையே தேர்ந்தெடுக்கவும்.
2. மருந்துச் சீட்டையும் மருத்துவரின் ஆங்கிலக் கடிதத்தையும் மருந்துகளுடன் வைக்கவும். மருந்துகளுக்குத் தனி விதிகள் உண்டு.
3. பன்னாட்டு விமானங்களில் கைப்பையில் 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட நீர்மங்கள் பொதுவாக அனுமதிக்கப்படுவதில்லை. தேன், நெய், பஞ்சாமிர்தம் ஆகியவையும் இதில் அடங்கும். மருந்து, குழந்தை உணவு, மருத்துவச் சிறப்புணவு ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. அவற்றைச் சோதனையின்போது தனியே காட்டவும்.
4. சென்று சேரும் ஊரில் அதே சிறப்புணவு கிடைக்குமா என்பதை உறவினர் வழியாக முன்னரே அறிந்துகொள்ளவும்.
5. ஐயம் எழுந்தால் அறிவித்துவிடவும். அறிவித்த பொருள் கைவிட்டுப் போகலாம். மறைத்த பொருளால் அபராதமும் தாமதமும் நேரும். அத்தாமதத்தில் மருந்து வேளையோ உணவு வேளையோ தவறுவது நோயாளிக்குப் பேரிடராகலாம்.