கூலிப் பட்டியலில் இடம்பெறாத பசு: வட சிலாங்கூர்த் தோட்டங்களில் கால்நடை வளர்ப்பு

மலேசியத் தமிழர் வரலாற்றை எழுதியோர் கூலி, குடியிருப்பு, கள், பள்ளி, தொழிற்சங்கம் ஆகியவற்றை விரிவாக ஆராய்ந்துள்ளனர். லயத்தின் பின்புறம் நின்ற மாட்டுக் கொட்டகை அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்சுந்தை (இன்றைய பெஸ்தாரி ஜெயா) ஆகிய வட்டாரங்களின் தோட்டப்புற வாழ்வில் அக்கொட்டகை பெற்றிருந்த இடத்தையும் அதை இழந்த வகையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

கால்நடைக்குச் சட்டத்திலும் ஓர் இடம் இருந்தது. கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, குடும்பத்துடன் வாழும் தொழிலாளி ஒருவருக்கு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலத்தைப் பயிரிடுவதற்கோ மேய்ச்சலுக்கோ ஒதுக்க வேண்டும் என வகுத்தது. இது ஏறத்தாழ 2,700 சதுர அடி. கீரையும் மரவள்ளியும் நட இவ்விடம் போதும். ஒரு பசு வயிறார மேயப் போதாது. ஆகவே பசு மேய்ந்தது சட்டம் தந்த நிலத்திலன்று. பால்மரங்களின் இடையிலும் வாய்க்கால் கரைகளிலும் துரையின் இசைவால் மேய்ந்தது. இசைவு எழுத்தில் இல்லாதது. துரை மாறினால் அதுவும் மாறலாம்.

பால்மரத் தொழிலின் நேர அமைப்பு மாடு வளர்ப்புக்கு இயைந்திருந்தது. விடியுமுன் கறவை, பின் பெரட்டு, நண்பகலளவில் மரம் வெட்டிப் பால் எடுக்கும் வேலை முடிவு. பிற்பகல் புல் அறுக்கக் கிடைத்தது. அவ்வேலையின் பெரும்பகுதி பெண்கள் மீதும் பள்ளி விட்டுவந்த சிறுவர்கள் மீதும் விழுந்தது என்பதைக் குறிப்பிட்டாக வேண்டும். பாலில் ஒரு பகுதி வீட்டுப் பிள்ளைகளுக்கு. எஞ்சியது கிராணிமார் வீடுகளுக்கும் அருகிலிருந்த பட்டணத்திற்கும் மிதிவண்டியில் சென்றது. சாணம் காய்கறிப் பாத்திக்கு எருவாயிற்று. பசுவை இவர்கள் இறைச்சிக்காக வளர்க்கவில்லை. காளைக் கன்றுகளை ஹஜ்ஜுப் பெருநாளை ஒட்டி மலாய் அண்டையருக்கு விற்றனர். ஆடு, கோழி ஆகியவற்றின் கணக்கு வேறு. அவை முனியாண்டி பூசைக்கும் தீபாவளிக்கும் காத்திருந்தன. ஆட்டை அறுத்துக் கூறு போட்டு, பணத்தைச் சம்பள நாளில் வாங்கிக்கொள்வர். வங்கிக் கணக்கில்லாத குடும்பத்திற்குப் பசுவே சேமிப்பு; திருமணமோ நோயோ நேர்ந்தால் ஒரு மாடு கைமாறும்.

கடல் வெகுதொலைவில் இல்லாதிருந்தும் மீன் இவ்வாறு கைவசப்படவில்லை. பாசிர் பெனம்பாங்கிலும் ஜெராமிலும் மீனையும் கெராங் சிப்பியையும் கரைசேர்த்தோர் பெரும்பாலும் சீனரும் மலாய்க்காரருமே. தோட்டத்தார் வாங்குவோராக இருந்தனர், அதுவும் மிகுதியும் கருவாடாக.

மாற்றம் பயிரின் வழியே வந்தது. மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் பத்தாங் பெர்சுந்தைக்கு அருகில் தென்னமரம் தோட்டத்தில்தான் தொடங்கப்பட்டது. (செம்பனையின் தொட்டிலுக்குத் தென்னையை நினைவூட்டும் பெயர் அமைந்தது வியப்புக்குரியது.) ஆயினும் 1960களுக்குப் பிறகே பால்மரம் பெருமளவில் செம்பனைக்கு வழிவிட்டது. இளஞ்செம்பனையின் குருத்தை மாடு தின்னும். மண்ணைக் காக்க விதைத்த அவரையினப் படர்கொடிகளையும் மேய்ந்துவிடும். நிருவாகங்களின் அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. எனினும் மரம் வளர்ந்த பின்னரும் தடை நீங்காத தோட்டங்கள் பல. மாடுகளை அகற்றுமாறு அறிவிப்புகள் வந்தன. மீறியவை பிடித்துக் கட்டப்பட்டன. புல்லை மாடு மேயாத இடத்தில் களைக்கொல்லி தெளிக்கப்பட்டது. தெளிப்புத் தொட்டியை முதுகில் சுமந்தோருள் பெரும்பாலோர் தோட்டப் பெண்களே. முன்பு புல் அறுத்தவர்களும் அவர்களே. அவர்கள் தெளித்தவற்றுள் ஒன்றாகிய பாராகுவாட் 2020இல்தான் நாட்டில் தடைசெய்யப்பட்டது.

இதே காலகட்டத்தில் ஆய்வாளர்கள் வேறு முடிவுக்கு வந்தனர். முதிர்ந்த செம்பனையின் கீழ் மின்வேலியிட்டு, மாடுகளை முறைவைத்து மேய்த்தால் களையெடுப்புச் செலவு குறையும், இறைச்சியும் கிடைக்கும் என 1980களிலிருந்து ஆய்வுகள் காட்டின. பின்னர் மலேசியச் செம்பனை வாரியமும் இம்முறையை ஊக்குவித்தது. ஆனால் இத்திட்டங்கள் கருதிய மாடு நிறுவனத்தின் மந்தை. தொழிலாளியின் இரண்டு மூன்று பசுக்கள் அதில் சேரவில்லை. அவர் முன்பு செய்ததும் ஏறக்குறைய இதுவே என்பது ஆய்வுக்குரிய செய்தியாகக் கொள்ளப்படாதது குறையே.

நகர விரிவாக்கத்திற்காகத் தோட்டங்கள் விற்கப்பட்டபோது இழப்பீட்டுக் கணக்கு எழுந்தது. 1980ஆம் ஆண்டின் பணிநீக்கப் பயன் விதிகளின்படி, ஐந்தாண்டுக்கு மேல் பணியாற்றியவருக்கு ஆண்டுக்கு 20 நாள் ஊதியம் வழங்கப்பட வேண்டும். கணக்கின் அடிப்படை ஊதியம் மட்டுமே. பாலும் கன்றும் கூலிப் பட்டியலில் ஒருநாளும் ஏறாததால் இழப்பீட்டிலும் ஏறவில்லை. மாற்றிடமாகக் கிடைத்தது பெரும்பாலும் மலிவு விலை அடுக்குமாடி வீடு. அங்குக் கொட்டகைக்கு இடமில்லை. குடிபெயரும் நாளுக்குள் மாட்டை விற்றாக வேண்டும் என்பதை அறிந்த வியாபாரி, விலையையும் அதற்கேற்பவே பேசினார்.