ஏழு துண்டில் அடங்காத எழுத்து

லுக்குட் வட்டாரத் தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தபின், ஆலை வாசலில் எடைப்பாலமும் வந்தது. அதுவரை கிராணி பார்த்துச் சொன்னதுதான் எடை. இப்போது அது சிவப்பு எண்களாக வெளியே ஒளிர்ந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் லாரி பக்கம் நின்று, "இந்த நடைக்கு எவ்வளவு போட்டிருக்குன்னு பாத்தியா?" என்று பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன்.

அந்த எண்களின் வடிவம் நூறாண்டு கடந்தது. அமெரிக்காவில் எஃப். டபிள்யூ. வுட் 1908-இல் விண்ணப்பித்து 1910-இல் பெற்ற காப்புரிமையில் எட்டுத் துண்டுகள் இருந்தன. 4-ஐ எழுத ஒரு சாய்கோடு கூடுதல். அதே 1910-இல் ஒரு மின்நிலையத்தின் கொதிகலன் அறையில் ஏழு துண்டுப் பலகை மின்குமிழ்களால் எரிந்தது. 1970-களில் எல்.இ.டி. வந்தபின் கைக்கடிகாரம், கால்குலேட்டர், சினிமா வெடிகுண்டு என எங்கும் அதே முகம். பிறகு அதைப் பார்த்தே எழுத்துருக்கள் செய்தார்கள்.

அதில் தமிழ் எழுத முடியுமா? தாளில் கட்டம் போட்டுப் பார்த்தேன். ஏழு துண்டுகளை எரித்தும் அணைத்தும் 128 வடிவங்கள் கிடைக்கும். ட, ப இரண்டும் சிரமமில்லாமல் வருகின்றன: ஆங்கில எல், யூ போலவே. க வராது. புள்ளி ஒன்று உண்டு; ஆனால் அது எண்ணின் வலப்பக்கம் கீழே இருக்கிறது. நம் மெய்யெழுத்துக்கோ தலைக்கு மேல் வேண்டும்.

'தமிழ் யந்திரத்துக்கு ஒத்துவராத எழுத்து' என்று இதை வைத்து முடிவுகட்டுவது அவசரம். மதுரைக்கருகே மாங்குளம் குகைக் கல்வெட்டுகளைப் பாருங்கள். கி.மு. இரண்டாம் நூற்றாண்டுத் தமிழ்பிராமியில் க ஒரு கூட்டல் குறி, ர ஒரு செங்குத்துக் கோடு, ந தலைகீழான ஆங்கில டி. பதினான்கு துண்டுப் பலகையில் 'நகர' என்று அப்படியே எரியவிடலாம். கல்லில் வெட்ட நேர்கோடு வசதி. பின்னாளில் ஓலையில் எழுத்தாணி ஓடியபோது கோடு வளைந்தது. எழுத்தின் வடிவில் கருவியின் கை எப்போதும் உண்டு.

அச்சுக்கோர்ப்பும் தட்டச்சும் அப்படித்தான் நெருக்கின. பெரியார் 1935-இல் 'குடி அரசு' இதழில் தொடங்கிய சீர்திருத்தம் 1978-இல் தமிழ்நாட்டு அரசாணையானது. மலேசியாவும் பின்னர் ஏற்றது. ணை, லை, னை எல்லாம் துதிக்கையை இழந்தன. அதில் ஆதாயம் இருந்தது: பிள்ளைகளுக்குக் கற்க எளிது, அச்சுக்கூடத்தில் பெட்டி குறைவு.

கணினி வந்தபோது அந்த நெருக்கடி தளர்ந்தது. திரை துண்டுகளால் ஆனதல்ல, புள்ளிகளால் ஆனது. போதிய புள்ளி இருந்தால் எந்த வளைவும் வரும். மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் 1980-களிலேயே அதைக் காட்டிவிட்டது. அன்றைய எடைப்பாலத்துக்கு ஏற்ப இன்னும் சில எழுத்துகளை வெட்டியிருந்தால், பத்திருபது ஆண்டில் காரணமே இல்லாத வெட்டாகியிருக்கும்.

ஆகவே யாராவது துண்டு விளக்குப் பாணியில் தமிழ் எழுத்துரு செய்தால் சந்தோஷமாகப் பார்ப்பேன். சுவரொட்டிக்கும் விளையாட்டுக்கும் நன்றாயிருக்கும். அதைச் சீர்திருத்தம் என்று மட்டும் யாரும் கொண்டுவர வேண்டாம்.