பிபி மாத்திரை சாப்பிட்டால் வறட்டு இருமல் வருமா? உடலுக்குள் நடப்பது இதுதான்!

சளி இல்லை, காய்ச்சலும் இல்லை. ஆனால் வாரக்கணக்கில் வறட்டு இருமல். சிரப் குடித்தும் நிக்கவே இல்லையா? நீங்கள் சாப்பிடும் பிபி மாத்திரையின் மருந்துப் பெயரைப் பாருங்கள். எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில் என 'ப்ரில்' என்று முடிந்தால், இருமலுக்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

பிராடிகைனின் என்றால் என்ன?

நம் உடலில் உருவாகும் ஒரு பெப்டைடு. அதாவது, 9 அமினோ அமிலங்கள் கோத்த குட்டிச் சங்கிலி. 1949-ல் பிரேசிலில் மவுரிசியோ ரோச்சா இ சில்வா குழுவினர், ஜராராகா என்ற விரியன் பாம்பின் விஷத்தை ஆராய்ந்தபோது இதைக் கண்டுபிடித்தனர்.

எப்படி வேலை செய்கிறது?

செல்களின் மேல் 'ரிசெப்டார்' எனும் ஏற்பிகள் உள்ளன. இவை பூட்டு என்றால், பிராடிகைனின்தான் சாவி. இதற்கு பி1, பி2 என 2 வகை ஏற்பிகள் உண்டு. பி2 வழக்கமாகவே செல்களில் இருக்கும். பி1 பெரும்பாலும் காயம், அழற்சி வந்த பிறகுதான் தலைகாட்டும். பி2 திறந்தால் ரத்தக் குழாய் விரியும், பிபி குறையும். அளவு மீறினால் வலியும் வீக்கமும் வரும்.

மாத்திரைக்கும் இருமலுக்கும் என்ன தொடர்பு?

ஏசிஇ என்ற நொதி ரத்தக் குழாயைச் சுருக்கும் பொருளை உருவாக்குகிறது. பிராடிகைனினை உடைப்பதும் அதே நொதிதான். 'ப்ரில்' மாத்திரைகள் அதைத் தடுப்பதால் பிபி குறைகிறது. கூடவே, உடையாத பிராடிகைனின் சேர்ந்து மூச்சுப்பாதை நரம்புகளைச் சீண்டுவதே இருமலுக்கு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. இந்த வகையின் முதல் மாத்திரையான கேப்டோப்ரில் பிறக்கவும் அதே பாம்பின் விஷம்தான் வழிகாட்டியது. அமெரிக்காவில் 1981-ல் அதற்கு அனுமதி கிடைத்தது.

என்ன செய்யலாம்?

மாத்திரையை நீங்களாகவே நிறுத்திடாதீங்க. பிபி எகிறினால் பக்கவாதம், மாரடைப்பு ஆபத்து. டாக்டரிடம் சொன்னால், லோசார்டன், டெல்மிசார்டன் போன்ற 'சார்டன்' வகைக்கு மாற்றித் தரலாம். அவை ஏசிஇ நொதியைத் தடுப்பதில்லை என்பதால் இந்த இருமல் வருவது குறைவு. மாற்றிய சில வாரங்களில் பெரும்பாலும் இருமல் அடங்கிவிடும்.

எப்போது அவசரம்?

உதடு, நாக்கு, தொண்டை வீங்கினால் காத்திருக்க வேண்டாம். அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்க. இது அரிதுதான், ஆனால் மூச்சையே அடைத்துவிடும். வழக்கமான அலர்ஜி மருந்து இதற்குச் சரியாகக் கேட்காது. எந்த மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.